அழிக்கக் கூடாத வாக்கியம்

காலையில் பல் தேய்ப்பதற்குள் போனில் 'இன்றைய ஆங்கிலச் சொல்' வந்து விழுந்துவிடுகிறது. நம் குரூப்பில் அதைப் போடுகிறவர் யார் என்று உங்களுக்கே தெரியும். அன்றைக்கு வகுப்பு லீடராக இருந்து, வகுப்பில் பேசினவர் பெயரையெல்லாம் போர்டில் எழுதிப்போட்டவர், இன்றைக்கு நமக்கு இங்கிலீஷ் சொல்லிக் கொடுக்கிறார். அறுபதைத் தாண்டிய நமக்கு இனிமேல் எந்த இன்டர்வியூ பாக்கி என்று கேட்டால் கோபித்துக்கொள்வார். போகட்டும். ஒரு சொல், அதன் அர்த்தம், ஓர் உதாரண வாக்கியம், கீழே ஒரு ரோஜாப்பூ. நானும் ஒரு கட்டைவிரலைப் போட்டுவிட்டுக் காபியைப் பார்க்கப் போய்விடுவேன்.

போன வாரம் வந்த சொல் 'அட்ராயிட்'. கைத்திறனும் சமயோசிதமும் உள்ளவர் என்று அர்த்தம். திறமையான டாக்டர் ஒருவர் நோயாளியைக் காப்பாற்றியதாக உதாரணம். எல்லாரும் வரிசையாகக் கட்டைவிரலைப் போட்டிருந்தீர்கள். என்னால் முடியவில்லை. போனைக் கவிழ்த்து வைத்தேன். அன்று பூராவும் வீட்டில் யார் எந்தக் கதவைச் சாத்தினாலும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. மருமகள், "என்ன அத்தை, உடம்பு சரியில்லையா?" என்று கேட்டாள். உடம்புக்கு ஒன்றுமில்லை என்றேன்.

உங்களில் பாதிப் பேர் எட்டாம் வகுப்பில்தான் வந்து சேர்ந்தீர்கள். ஏழாம் வகுப்பின் மழைக்காலத்தில் நடந்தது உங்களுக்குத் தெரிய வழியில்லை. தெரிந்தவர்களும் மறந்திருப்பீர்கள். கொடுத்து வைத்தவர்கள். எனக்குத்தான் அது இன்னும் போகமாட்டேன் என்கிறது.

நமக்கு அப்போது இங்கிலீஷ் எடுத்த டீச்சர் குரோம்பேட்டையிலிருந்து ரயிலில் வருவார். ஒல்லியாக, மெல்லிய வாயில் துணிப் புடவை, கையில் நீளக் குடை. கூட்ட நெரிசலில் கசங்கி வந்தாலும் வகுப்புக்குள் நுழையும்போது மடிப்பு சரியாக இருக்கும். திங்கட்கிழமை முதல் பீரியடில் போர்டில் ஒரு புதுச் சொல்லை எழுதுவார். அர்த்தத்தைத் தமிழில் சொல்வார். பிறகு குடையைத் தரையில் ஒரு தட்டுத் தட்டி, "யூசேஜ்!" என்பார். நாம் அந்தச் சொல்லை வைத்து வாக்கியம் சொல்ல வேண்டும்.

அதில் ஒரு சட்டம் வைத்திருந்தார். வாக்கியம் உண்மையாக இருக்க வேண்டும். கைடில் இருக்கும் ராமுவும் சோமுவும் அவர் வகுப்பில் செல்லாது. "கண்ணால பார்த்ததைச் சொல்லு. இல்லைன்னா உக்காரு. பொய் சொல்றதுக்கு எதுக்கு இன்னொரு பாஷை?" என்பார். எந்தப் பிள்ளையாவது அடித்து விடுகிறது என்று தோன்றினால், "எப்போ பார்த்தே? எங்கே பார்த்தே?" என்று குடைந்து எடுத்துவிடுவார்.

விளைவு என்ன தெரியுமா? தாம்பரம் வட்டாரத்தின் சங்கதியெல்லாம் எங்கள் வகுப்பில் இங்கிலீஷில் வெளியே வந்தது. 'பிடிவாதம்' வந்த வாரம், ஒருத்தி தன் மாமா கத்தரிக்காய்க் குழம்புக்காக அத்தையோடு பேச்சை நிறுத்திவிட்டதைச் சொன்னாள். 'சிக்கனம்' வந்த வாரம், சர்ச்சில் மணியடித்து விளக்கேற்றும் கோயில்பிள்ளையின் மகன் எழுந்து, பாஸ்டர் ஐயா எரிந்து மிஞ்சிய மெழுகுவத்தித் துண்டுகளை வீட்டுக்கு எடுத்துப் போகிறார் என்றான். மத்தியானச் சாப்பாட்டு வேளையில் ஸ்டாஃப் ரூமில் இதையெல்லாம் சொல்லிச் சிரிப்பார்களாம். என் அம்மா அதே பள்ளியில் மூன்றாம் வகுப்பு டீச்சர், அதனால் எனக்குத் தெரியும். சிரிப்பார்களே தவிர, ஒருவரும் சந்தேகப்பட்டதில்லை. ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் யூசேஜில் சொன்னால் அது சத்தியம் என்று ஆகிவிட்டது.

வாரத்தின் நல்ல வாக்கியத்தைச் சொன்னவரே போர்டின் இடது மூலையில் எழுத வேண்டும். டீச்சர் அதைச் சுற்றிக் கட்டம் போட்டு, மேலே 'அழிக்கக் கூடாது' என்று இங்கிலீஷில் எழுதுவார். அடுத்த திங்கள்வரை அது அங்கேயே இருக்கும். கணக்கு சாருக்கு இடம் பத்தாமல் போனாலும் கட்டத்தைச் சுற்றித்தான் கணக்குப் போடுவார்.

என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவளுக்கு அந்தக் கட்டம் ஒரு வாரமும் கிடைக்கவில்லை. அவளுடைய அப்பாதான் எங்களைப் பள்ளிக்கு அழைத்துவரும் ரிக்‌ஷாக்காரர். இரும்புலியூர்ப் பக்கம் ரயில் பாதை ஓரம் அவர்கள் வீடு. சம்பளச் சலுகையில் படித்தாள். இங்கிலீஷ் அவளுக்கு நன்றாக வரும், ஆனால் எழுந்து நின்றால் நாக்கு ஒட்டிக்கொள்ளும். "எங்க வூட்ல இன்னா கீது சொல்றதுக்கு?" என்று என் காதில் கேட்பாள். மற்றவர்களிடம் அவள் அந்த மாதிரிப் பேசமாட்டாள், என்னிடம் மட்டும்தான்.

அந்த ரிக்‌ஷா இப்போதும் என் மூக்கில் இருக்கிறது. நனைந்த ரெக்ஸின், காக்கித் துணியின் ஈரம், யாருடைய டிபன் பாக்ஸிலிருந்தோ கசியும் புளிசாதம். சீட்டுக்கு எதிரே சின்னப் பிள்ளைகளுக்கு ஒரு பலகை. சீட்டுக்கு அடியில் தகர டப்பா, அதில் எண்ணெய்க் கேன், பஞ்சர் ஒட்டும் சாமான், உடைந்த சைக்கிள் ஸ்போக்குகள். சில ஸ்போக்குகளின் நுனியைத் தட்டித் தட்டையாக்கி, சிலதை வளைத்து வைத்திருப்பார். எதற்கு என்று நாங்கள் கேட்டதில்லை.

கார்த்திகை மாத மழை விடாமல் அடித்துக்கொண்டிருந்த ஒரு திங்கட்கிழமை, டீச்சர் 'அட்ராயிட்' என்று எழுதினார். "வெறும் பலம் இல்லை. கையும் புத்தியும் ஒண்ணா வேலை செய்யணும். மத்தவங்க திகைச்சு நிக்கிற இடத்துல ஒருத்தர் சுலபமா செஞ்சுட்டுப் போவார் பாரு, அவர்தான் அட்ராயிட்" என்றார். பிறகு குடைத் தட்டு. "யூசேஜ்!"

ஒருவரும் எழுந்திருக்கவில்லை. பக்கத்தில் பெஞ்சு அசைந்தது. அவள் எழுந்து நின்றாள்.

"மை ஃபாதர் இஸ் அட்ராயிட். ஹி கேன் ஓபன் எனி லாக் வித் எ சைக்கிள் ஸ்போக்."

அதாவது, என் அப்பா கைதேர்ந்தவர், ஒரு சைக்கிள் ஸ்போக்கை வைத்து எந்தப் பூட்டையும் திறந்துவிடுவார். டீச்சர் வழக்கம்போல, "எப்போ பார்த்தே?" என்றார். அவள் கொட்டினாள். பக்கத்து வீட்டு அம்மாவின் சாவி கிணற்றில் விழுந்தது, அந்த அம்மா தலையில் கை வைத்து உட்கார்ந்தது, அப்பா வந்து கண் மூடித் திறப்பதற்குள் பூட்டைத் திறந்து கொடுத்தது, ஒரு டம்ளர் மோர் மட்டும் குடித்துவிட்டுப் போனது. டீச்சர் முகம் மலர்ந்துபோய் சாக்பீஸை அவள் கையில் கொடுத்தார். அவள் எழுதி முடித்துத் திரும்பியபோது கன்னமெல்லாம் சாக்பீஸ் பொடி. அந்தச் சிரிப்பை நான் அதற்கு முன்னால் அவளிடம் பார்த்ததில்லை.

அதே வாரத்தில்தான் டேப் ரெக்கார்டர் காணாமல் போனது. புதியவர்களுக்காகச் சொல்கிறேன். வெளிநாட்டிலிருந்து யாரோ பள்ளிக்குக் கொடுத்தது, ஸ்பூல் சுற்றும் பெரிய பெட்டி. நாங்கள் பாடம் வாசிப்பதைப் பதிந்து டீச்சர் எங்களுக்கே போட்டுக் காட்டுவார். நம் குரலை நாமே கேட்பது அன்றைக்குப் பெரிய அதிசயம். தலைமை ஆசிரியை அறையின் மர அலமாரியில், பித்தளைப் பூட்டுக்குள் இருக்கும். காலையில் பார்த்தால் பூட்டு பூட்டினபடி இருக்கிறது, உள்ளே பெட்டி இல்லை. சாவி தலைமை ஆசிரியையின் கைப்பையில் பத்திரமாக இருக்கிறது.

எங்கள் வகுப்பு அந்த அறைக்கு நேர் எதிரே. அன்றைக்குப் பெரியவர்கள் ஒவ்வொருவராக எங்கள் வகுப்புக்குள் வந்தார்கள். எதையோ தேடுகிற மாதிரி நின்றார்கள். போர்டின் இடது மூலையைப் படித்துவிட்டுப் போனார்கள். தாளாளர் மட்டும் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு இரண்டாம் தடவை படித்தார். அவள் என்னை இடித்து, "எல்லாரும் என் சென்டென்ஸ் படிக்கிறாங்கடி" என்றாள். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

மத்தியானம் இன்டர்வெல்லில் அவளுடைய அப்பாவைக் கூப்பிட்டு அனுப்பினார்கள். மழையில் நனைந்து வந்தவர் செருப்பை வெளியே விட்டுவிட்டு, தலைத்துண்டைப் பிழிந்து தோளில் போட்டுக்கொண்டு உள்ளே போனார். நானும் அவளும் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றோம். அறையில் தாளாளர், தலைமை ஆசிரியை, இங்கிலீஷ் டீச்சர், என் அம்மா. தலைமை ஆசிரியை அலமாரியைக் காட்டி, "இந்தப் பூட்டை உங்களால திறக்க முடியுமாப்பா?" என்று கேட்டார். குரல் அவ்வளவு மென்மையாக இருந்தது.

அவர் பூட்டைக் கையில் எடுத்து ஆட்டிப் பார்த்தார். "சாவி தொலைஞ்சிடுச்சா டீச்சர்மா? இதுக்கா இம்மாம் பேரு நின்னுகினு கீறீங்க? காலைலயே சொல்லியிருந்தா முடிச்சிருப்பேனே" என்றார். ஓடிப்போய் ஸ்போக் ஒன்றை எடுத்துவந்தார்.

"இப்ப பாரேன், இப்ப பாரேன்" என்று அவள் என் கையைக் கிள்ளினாள்.

பூட்டு க்ளிக் என்று திறந்தது. அந்தச் சத்தம் ஜன்னல்வரை கேட்டது. அவர் பூட்டை இரண்டு கையாலும் ஏந்தி, சிரித்துக்கொண்டே தலைமை ஆசிரியையிடம் நீட்டினார். அதை ஒருவரும் வாங்கவில்லை. அவர் நீட்டினபடியே நின்றார்.

"அப்போ நேத்தும் இப்படித்தான் திறந்தியா?" என்று தாளாளர் கேட்டார்.

"நேத்தா? நேத்து யாரும் கூப்புடலியே சார்" என்றார் அவர். அவருக்கு அப்போதும் விளங்கவில்லை. ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். கடைசியில் என் அம்மாவைப் பார்த்தார், தினமும் என்னை ரிக்‌ஷாவில் ஏற்றிவிட்டு "பார்த்துப் போப்பா" என்று சொல்கிறவள் ஆயிற்றே. அம்மா தலையைக் குனிந்துகொண்டாள்.

போலீஸுக்குப் போகவில்லை. கிறிஸ்துமஸ் சமயம், பிள்ளைகுட்டிக்காரன், மன்னித்து விடுகிறோம் என்று தாளாளர் சொல்லிவிட்டார். செய்யாத காரியத்துக்கு மன்னிப்பு! அதற்குப் பதில் நாலு அறை கொடுத்திருக்கலாம் என்று இப்போது எனக்குத் தோன்றுகிறது. அடி வாங்கினவன், 'நான் இல்லை' என்று கத்தவாவது செய்வான். அவரும் சொல்லத்தான் செய்தார். "சத்தியமா நான் இல்ல சார், நான் எதுக்கு சார்..." என்று திரும்பத் திரும்பச் சொன்னார். கையில் அந்தப் பூட்டு இருந்தது. அதை வைத்துக்கொண்டு அவர் சொன்னதை யார் நம்புவார்கள்?

அந்த வாரமே ஒவ்வொரு வீடாக, இனிமேல் வர வேண்டாம் என்று அவருடைய ரிக்‌ஷாவை நிறுத்தினார்கள். எங்கள் வீட்டிலும்தான். போர்டிலிருந்த வாக்கியத்தை இங்கிலீஷ் டீச்சரே வந்து அழித்தார். டஸ்டரால் அழுத்தி அழுத்தித் தேய்த்தார். ஆனாலும் ஈரக் காற்றில் ஊறிப்போன எழுத்து, சாயங்கால வெளிச்சம் சாய்வாக விழும்போது மங்கலாகத் தெரிந்துகொண்டுதான் இருந்தது. லீவில் போர்டு முழுக்கக் கரியும் கோவை இலையும் அரைத்துப் பூசினார்கள். அதற்கப்புறமும் எனக்கு அது தெரிந்தது. உங்களுக்குச் சிரிப்பாக இருக்கும், சிரித்துக்கொள்ளுங்கள்.

அடுத்த திங்கட்கிழமை வந்த சொல் 'பங்க்சுவல்'. நேரம் தவறாதவர். டீச்சர் குடையைத் தட்டவில்லை. ஏனோ அவளைப் பார்த்து, "நீ சொல்லும்மா" என்றார். ஏதோ சமாதானம் செய்ய நினைத்தார் போலிருக்கிறது. அவள் எழுந்தாள்.

"தி சன் இஸ் பங்க்சுவல்."

சூரியன் நேரம் தவறாது. டீச்சர், "உன் சொந்த வாக்கியமா ஒண்ணு சொல்லேன்" என்றார்.

"இது உண்மைதானே டீச்சர்?" என்று கேட்டுவிட்டு அவள் உட்கார்ந்துவிட்டாள். அதற்குப் பிறகு அவர் யாரிடமும் உண்மையான வாக்கியம் கேட்கவில்லை. ராமுவும் சோமுவும் திரும்பி வந்தார்கள். அரைப் பரீட்சை முடிந்து பள்ளி திறந்தபோது என் பக்கத்து இடம் காலியாக இருந்தது.

என் அம்மா பயந்த சுபாவம். அவன் நம் வாசல்வரை தினமும் வந்து போனவன், நம் வீட்டுப் பூட்டெல்லாம் அவனுக்குத் தெரியும் என்று அப்பாவை அரித்து எடுத்துவிட்டாள். அப்பா பர்மா பஜார்வரை அலைந்து, இழுத்துச் சாத்தினால் தானே பூட்டிக்கொள்ளும் பூட்டு ஒன்றை வாங்கிவந்து வாசல் கதவில் மாட்டினார். அதன் மஞ்சள் பளபளப்பைத் தெருவே வந்து பார்த்தது. அதைச் சாத்தும்போதெல்லாம் 'டப்' என்று ஒரு சத்தம். அம்மா அந்தச் சத்தத்தைக் கேட்டால்தான் நிம்மதியாகப் படுப்பாள்.

வெயில் ஏறத் தொடங்கிய ஒரு சனிக்கிழமை காலை. அப்பா வேலைக்குப் போயிருந்தார். தெருவில் காய்கறி வண்டி வந்து நிற்க, அம்மாவும் நானும் வெளியே வந்தோம். உள்ளே அடுப்பில் பால். தொட்டிலில் தம்பி தூங்கிக்கொண்டிருந்தான், அப்போதுதான் தளர்நடை நடக்கிற வயது. காற்று ஒரு தள்ளு தள்ளியது. டப்.

சாவி உள்ளே ஆணியில். கொல்லைக் கதவுக்கு உள்தாழ். அம்மா ஜன்னல் கம்பிக்குள் கையை விட்டுப் பார்த்தாள், ஒன்றும் எட்டவில்லை. அதற்குள் பால் பொங்கித் தீய்ந்து, கிருஷ்ணாயில் அடுப்பிலிருந்து புகை கிளம்பியது. தம்பி முழித்துக்கொண்டான். தொட்டிலிலிருந்து இறங்கி, அழுதுகொண்டே புகை வரும் பக்கம் நடக்க ஆரம்பித்தான். அம்மா போட்ட கூச்சல் இன்னும் என் காதில் இருக்கிறது. "அய்யோ, யாராவது வாங்களேன்! என் பிள்ளை! என் பிள்ளை!"

அப்போது தெருமுனையில் அந்த ரிக்‌ஷா வந்தது. பிள்ளைகள் ஏறின பலகையைக் கழற்றிவிட்டிருந்தார்கள். சிமென்ட் மூட்டை ஏற்றியிருந்தது. அவர் இறங்கி முன்னால் இழுக்க, அவள் பின்னால் தள்ளிக்கொண்டு வந்தாள். பாவாடையெல்லாம் சிமென்ட். அம்மா ஓடிப்போய் அவர் கையைப் பிடித்தாள். தொட்டுப் பேசுகிற வழக்கமெல்லாம் எங்கள் வீட்டில் கிடையாது. "வாப்பா, சீக்கிரம் வா, குழந்தை உள்ளே மாட்டிக்கிட்டான்பா!"

அவர் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. வண்டியைப் போட்டபடி போட்டுவிட்டு, டப்பாவிலிருந்து தட்டை ஸ்போக்கை உருவிக்கொண்டு ஓடிவந்தார். பூட்டைப் பார்த்தார், கதவு இடுக்கைத் தடவினார். "ஒண்ணுமில்ல டீச்சர்மா, அழுவாதீங்க, இதோ ஆச்சு" என்றார்.

அம்மா வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். பதற்றத்தில், நன்றியில், கடகடவென்று சொன்னாள். "நீ நல்லவன்னு எனக்குத் தெரியும்ப்பா. அந்த டேப் ரெக்கார்டர்கூட கிடைச்சுடுச்சு. கேரல் பாட்டுப் பயிற்சிக்குத் தாளாளர் வீட்டு டிரைவர்தான் டூப்ளிகேட் சாவியைப் போட்டு எடுத்துட்டுப் போயிருக்கான். அனுப்பின தாளாளரே அதை மறந்துட்டாராம். உன் மேல ஒரு தப்பும் இல்லப்பா."

எனக்கே அது அப்போதுதான் தெரியும். பெரியவர்கள் காதும் காதும் வைத்த மாதிரி முடித்துவிட்டிருந்தார்கள்.

ஸ்போக் கதவு இடுக்கிலேயே நின்றது. "கெடச்சிடுச்சா?" என்றார் அவர். "எப்போ டீச்சர்மா?"

அம்மா தயங்கினாள். "பொங்கலுக்கு முன்னாடி."

அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் தேவலை. ஏதோ கணக்கு விளங்காத மாதிரி அம்மா முகத்தையே பார்த்தார். உள்ளே தம்பி வீறிட்டான். அவர் உதறிக்கொண்டு மறுபடியும் பூட்டின் பக்கம் குனிந்தார். அப்போது அவள் வந்து அவர் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"எங்கப்பாவுக்குப் பூட்டு திறக்கத் தெரியாது டீச்சர்."

பள்ளிக்கூடத் தமிழில், தெளிவாகச் சொன்னாள். அம்மா திகைத்துப்போனாள். "என்னடி சொல்றே? நீதானே எழுதினே!"

"பொய் எழுதிட்டேன்."

"நாங்க எல்லாரும் கண்ணால பார்த்தோமேடி!"

"நீங்க பார்த்ததும் பொய் டீச்சர்."

"பாப்பா, புள்ள அழுவுதுடா" என்றார் அவர்.

"தெரியாதுன்னு சொல்லுப்பா." அவள் கையை விடவில்லை. "நாளைக்கு இந்த வூட்ல எதுனா காணாம போச்சுன்னா இன்னாப்பா பண்ணுவ? சொல்லுப்பா!"

அவர் அவளைப் பார்த்தார், கதவைப் பார்த்தார். ஸ்போக்கை மெல்ல வெளியே இழுத்தார். "தெரியாதுங்க டீச்சர்மா" என்றார். உடனே தெருப்பக்கம் திரும்பி, தொண்டை கிழியக் கத்தினார். "யாருனா கடப்பாரை எட்தாங்கய்யா! கதவை ஒடைங்கய்யா!"

அம்மா கடைசிவரை இதைப் பற்றி யாரிடமும் பேசியதில்லை. வயதான பிறகு மட்டும் எந்தக் கதவையும் சாத்த விடமாட்டாள். கொசு வருகிறது என்றாலும் கேட்கமாட்டாள். "அந்தப் பொண்ணு அப்படிப் பார்த்தாளே" என்பாள், அவ்வளவுதான்.

அன்றைக்கு அவர் கத்தினதைக் கேட்டு எதிர்வீட்டுக்காரர் கடப்பாரையோடு வந்தார். இரண்டு பேராகச் சேர்ந்து இடித்தார்கள். புதுப் பூட்டு லேசில் விடவில்லை. ஒவ்வொரு இடிக்கும் உள்ளே தம்பியின் அழுகை அடங்கி, இருமலாகி, மறுபடி எழுந்தது. அத்தனை நேரமும் அவர் வாசற்படியை விட்டு நகரவில்லை. ஸ்போக்கைக் கீழே போட்டிருந்தார். இரண்டு கைகளையும் அக்குளுக்குள் திணித்து இறுக்கிக்கொண்டு, கண்ணீர் வழிய, பூட்டையே பார்த்துக்கொண்டு நின்றார். கதவு உடைந்து, அம்மா தம்பியைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்து, அவன் மூச்சு விட்டு அழுததைக் கேட்ட பிறகுதான் கைகளை வெளியே எடுத்தார்.